விரல் நுனியில் வைத்தியம் இல்லை

யோகப் பயிற்சி நடக்கும் கூடங்களில் இப்போது சுவரில் ஒரு வண்ணப்படம் மாட்டியிருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கைகள். ஒவ்வொரு கைக்கும் கீழே ஒரு பெயர், பெயருக்குக் கீழே ஒரு நோய். மோதிர விரலை மடக்கிக் கட்டைவிரலால் அழுத்தினால் சூரிய முத்திரை, உடல் பருமனுக்கு. ஆள்காட்டி விரலை அப்படி அழுத்தினால் வாயு முத்திரை, மூட்டுவலிக்கு. நடுவிரலை அழுத்தினால் சூன்ய முத்திரை, காது வலிக்கு. இதே படம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் காலை வணக்கத்தோடும் வந்து சேர்கிறது. முத்திரை என்றால் நம்மில் பலருக்கு இன்று நினைவுக்கு வருவது இந்தப் பட்டியல்தான். ரிஷிகள் காலம் தொட்டு இப்படியே வருகிறது என்ற நம்பிக்கையும் கூடவே இருக்கிறது. கை முத்திரைகள் பழமையானவை என்பதிலோ தியானத்துக்கு உதவுகின்றன என்பதிலோ எனக்குச் சந்தேகம் இல்லை. கைக்குக் கீழே எழுதியிருக்கும் நோய்ப்பெயர்களில்தான் சந்தேகம். அவை அண்மையில் ஒட்டப்பட்டவை, அவற்றுக்கு ஆதாரம் போதாது, அவை இல்லாமலேயே முத்திரைக்கு முழு மதிப்பும் உண்டு என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

முதலில் யோக நூல்களைப் பார்ப்போம். பதஞ்சலியின் யோக சூத்திரம் ஆசனத்தைப் பற்றி மிகச் சுருக்கமாகவே பேசுகிறது: அசையாமலும் சுகமாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கையை எங்கே வைப்பது என்ற பேச்சே அதில் இல்லை. பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம் இன்னும் விளக்கமானது. தருப்பை, தோல், துணி என்று விரிப்பின் அடுக்கைக்கூட அது விட்டுவைக்கவில்லை. உடலும் தலையும் கழுத்தும் நேராக இருக்க வேண்டும் என்கிறது, பார்வைக்கும் ஓர் இடம் குறிக்கிறது. விரல்கள் அங்கேயும் வரவில்லை. 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹட யோகப் பிரதீபிகைக்கு வந்தால், அதன் மூன்றாம் அத்தியாயம் முழுக்க முத்திரைகள்தான். மகாமுத்திரை, மகாபந்தம், மகாவேதம், கேசரி, உட்டியாணம், மூலபந்தம், ஜாலந்தரபந்தம், விபரீதகரணி, வஜ்ரோலி, சக்திசாலனம் என்று பத்து. கேசரியில் நாக்கு பின்னோக்கி மடிகிறது, ஜாலந்தரத்தில் தாடை மார்பில் அழுந்துகிறது, விபரீதகரணியில் உடம்பே தலைகீழாகிறது. விரல் நுனியோடு விரல் நுனி சேர்க்கும் முத்திரை பத்தில் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிந்தைய கேரண்ட சம்ஹிதை எண்ணிக்கையை 25 ஆக்குகிறது. அதில் கைக்கு வெளிப்படையான வேலை கொடுப்பது யோனி முத்திரை. அங்கேயும் விரல்கள் காதையும் கண்ணையும் மூக்கையும் வாயையும் பொத்தத்தான் பயன்படுகின்றன. வெளிச்சமும் சத்தமும் உள்ளே வராமல் அடைப்பதே அவற்றின் பணி.

இதை வைத்துக்கொண்டு பழைய யோகிகள் கையைப் பொருட்படுத்தவே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. அதே பிரதீபிகை முதல் அத்தியாயத்தில் பத்மாசனத்தை விளக்கும்போது, இரு உள்ளங்கைகளும் மேல்நோக்க மடியில் இருக்கட்டும் என்கிறது. சிம்மாசனத்தில் விரல்களை விரித்து முழங்காலில் வைக்கச் சொல்கிறது. பிராணாயாமத்தில் மூக்கைப் பிடிக்க எந்தெந்த விரல் என்றும் நூல்கள் கூறுகின்றன: கட்டைவிரல் ஒரு பக்கம், மோதிர விரலும் சுண்டு விரலும் மறுபக்கம், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் விலக்கு. சந்தியாவந்தனம் செய்வோர் இன்றும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். விலக்கிய அந்த இரண்டு விரல்களையும் மடக்கிக்கொண்டால் கை மூக்கின் மேல் நேராகப் படியும், மெல்ல அழுத்தி மெல்ல விடலாம். ஆக, கைக்கு நூல்களில் இடம் உண்டு. ஆனால் அது உட்காரவும் மூச்சை ஆளவும் உதவும் உறுப்பாகத்தான் வருகிறது. நோய் தீரும் என்று சொல்லும் வழக்கமும் அந்த நூல்களில் உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. மகாமுத்திரை சயத்தையும் குட்டத்தையும் போக்கும் என்றே பிரதீபிகை சொல்கிறது. ஆனால் அந்த வாக்குறுதி, குதிகாலை அடியில் அழுத்தி, காலை நீட்டிப் பிடித்து, மூச்சைக் கட்டி நிறுத்தும் கடும் பயிற்சிக்குக் கொடுக்கப்பட்டது. அது உண்மையா என்பது தனி விசாரணை. பேருந்தில் உட்கார்ந்தபடி இரண்டு விரலைச் சேர்ப்பதற்கு அந்த வாக்குறுதியை மாற்றி எழுதிக்கொண்டது நம் காலம்.

அப்படியானால் விரல் முத்திரைகள் எங்கிருந்து வந்தன? கோயிலிலிருந்தும் பூசையிலிருந்தும் ஆட்டத்திலிருந்தும் வந்தன. சிவன் கோயிலின் தென்புறக் கோட்டத்தில் இருக்கும் தட்சிணாமூர்த்தியை எல்லோரும் வியாழக்கிழமை சுற்றி வந்திருப்போம். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய காஞ்சி கைலாசநாதர் கோயிலிலேயே அவர் தெற்கு நோக்கி அமர்ந்துவிட்டார். சோழர் காலச் சிற்பம் ஒன்றின் முன் வலக்கையை மட்டும் சற்று நின்று பாருங்கள். அது முழங்காலில் கிடக்கவில்லை. மார்பளவுக்கு உயர்ந்திருக்கிறது. உள்ளங்கை வெளியே, காலடியில் அமர்ந்த முனிவர்களை நோக்கித் திரும்பியிருக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் கூடி நிற்க, மற்ற மூன்றும் விலகி நிற்கின்றன. இதுதான் சின் முத்திரை. கட்டைவிரல் பதி, ஆள்காட்டி விரல் பசு, விலகிய மூன்றும் ஆணவம், கன்மம், மாயை. மும்மலமும் நீங்கிய உயிர் இறைவனைச் சேர்வது இது என்பார் சைவ சித்தாந்தி. வேதாந்தியோ கட்டைவிரலைப் பிரம்மம் என்பார், மற்ற மூன்றை மூன்று குணங்கள் என்பார், அல்லது விழிப்பு, கனவு, உறக்கம் என்பார். இருவருக்கும் அது பாடம் சொல்லும் கை. வாய் திறக்காத ஆசிரியர் தம் தத்துவம் முழுவதையும் ஐந்து விரலில் சொல்லி முடிக்கிறார். பார்ப்பவருக்காகக் காட்டப்படும் கை அது. அதை ஒருவர் தம் முழங்காலுக்கு இறக்கி, கண்ணை மூடி வைத்துக்கொள்ளும்போது, அந்தப் பாடத்தைத் தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார். அதில் பிழை ஒன்றும் இல்லை, அழகுதான். ஆனால் பாடம் புரிந்தவருக்குத்தான் அது பாடம்.

சிற்பிகள் வைத்த மற்றக் கைகளும் இப்படியே பேசுகின்றன. அபயம் அஞ்சாதே என்கிறது, வரதம் கேள் தருகிறேன் என்கிறது. உமையின் செப்புத் திருமேனியில் வலக்கை கடக ஹஸ்தமாக இருக்கும். விரல்கள் வளைந்து, நடுவே ஒரு காம்பு நுழையும் அளவுக்கு இடைவெளி. திருவிழாவில் அந்த இடைவெளியில் உண்மையான பூவையே செருகுவார்கள். வார்ப்பதற்கு முன் மெழுகில் கை செய்யும்போதே பூவுக்கு இடம் விட்டுவிட வேண்டும் என்பது சிற்பியின் கணக்கு. பூசையில் சிவாசாரியார் காட்டும் சுரபி முத்திரையைக் கவனியுங்கள். வலக்கை ஆள்காட்டி விரல் இடக்கை நடுவிரலைத் தொடும், இட ஆள்காட்டி வல நடுவிரலை. வல மோதிர விரல் இடச் சுண்டு விரலை, இட மோதிர விரல் வலச் சுண்டு விரலை. கவிழ்த்துப் பிடித்தால் நான்கு முனைகள் தொங்கும். பசுவின் மடி. பாத்திரத்து நீரின் மேல் அதைக் காட்டினால் நீர் அமுதமாயிற்று என்று பொருள். இத்தனை தெளிவாகத் தன் பொருளைச் சொல்லும் ஒரு கையை எடுத்து, வாத நோய்க்கு நல்லது என்று எழுதிவைத்திருக்கும் புத்தகங்கள் சந்தையில் உண்டு. பசுவின் மடிக்கும் முழங்கால் வாதத்துக்கும் என்ன தொடர்பு என்று அவை சொல்வதில்லை.

ஆட்டத்துக்கு வந்தால் செல்வம் இன்னும் பெருகுகிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் ஒற்றைக் கை முத்திரைகள் 33, இரட்டைக் கை முத்திரைகள் 15 என்று பெயர் சொல்லி விளக்குகிறார். அழகுக்காகக் காட்டும் எழிற்கை வேறு, தொழிலைக் காட்டும் தொழிற்கை வேறு என்ற பாகுபாடும் தமிழ்க் கூத்து மரபில் இருக்கிறது. பரதநாட்டியம் கற்பவர்கள் மனப்பாடம் செய்யும் அபிநய தர்ப்பணம் ஒற்றைக் கைகளை 28 என்கிறது. அவற்றுள் ஹம்சாஸ்யம் என்று ஒன்று உண்டு: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் சேர, மற்ற மூன்றும் விரிந்திருக்கும். தியானத்தின் சின் முத்திரையும் இதுவும் விரல் சேர்க்கையில் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் மேடையில் அதே கை தாலி கட்டும், முத்தைப் பிடிக்கும், மல்லிகையைக் காட்டும், விளக்குத் திரியைத் தூண்டும், உபதேசமும் செய்யும். எது என்பதைப் பாட்டும் பார்வையும் முடிவு செய்கின்றன. கைக்கு உள்ளே ஒரு பொருள் நிலையாகப் பூட்டி வைக்கப்பட்டிருந்தால் இது நடக்காது.

இந்த இடத்தில் என் வாதத்தின் மையமான சான்றைச் சொல்கிறேன். இன்றைய முத்திரை மருத்துவம் முழுவதும் ஒரே ஒரு கணக்கின் மேல் நிற்கிறது: கட்டைவிரல் நெருப்பு, ஆள்காட்டி விரல் காற்று, நடுவிரல் ஆகாயம், மோதிர விரல் நிலம், சுண்டு விரல் நீர். ஐம்பூதத்தில் ஏறியதைக் குறைக்க, குறைந்ததைக் கூட்ட, அந்தந்த விரலைக் கட்டைவிரலோடு சேர்க்க வேண்டும் என்பது முறை. இப்போது ஜப்பானின் ஷிங்கோன் பௌத்தத்தைப் பாருங்கள். கை முத்திரையை அவர்களைப் போல் விரிவாகக் காத்து வைத்திருப்பவர்கள் குறைவு. அந்த மரபின் குருவழியில் வச்சிரபோதி என்றொருவர் வருகிறார். காஞ்சியோடும் பல்லவ அரசனோடும் தொடர்புடைய தென்னிந்தியர் என்று சீனக் குறிப்புகள் சொல்கின்றன. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் வழியே சீனா சேர்ந்தார். அவர் மாணவர் அமோகவச்சிரர், அவர் மாணவர் ஹுய்குவோ. 804இல் ஜப்பானிலிருந்து சென்ற கூகாய் இந்த ஹுய்குவோவிடம் பாடம் கேட்டு, 806இல் ஊர் திரும்பினார். நம் மண்ணோடு இவ்வளவு நெருங்கிய அந்த மரபில் விரல்களின் கணக்கு என்ன? சுண்டு விரல் நிலம், மோதிர விரல் நீர், நடுவிரல் நெருப்பு, ஆள்காட்டி விரல் காற்று, கட்டைவிரல் ஆகாயம். நிலத்திலிருந்து ஆகாயம் வரை சீராக ஏறும் வரிசை அது. நம் சுவர்ப்படத்தோடு ஒத்துப்போவது ஆள்காட்டி விரல் ஒன்றுதான். சீன மருத்துவமோ கட்டைவிரலுக்கு நுரையீரலையும் ஆள்காட்டி விரலுக்குப் பெருங்குடலையும் கொடுக்கிறது. சைவ சித்தாந்தி கட்டைவிரலில் கடவுளையே வைத்துவிட்டார்.

இவற்றை எதிரெதிராக நிறுத்தி எது சரி என்று கேட்டால் விடை கிடைக்காது. காரணம், இவை எல்லாமே அந்தந்த மரபு தன் தத்துவத்தை மனத்தில் நிறுத்திக்கொள்ள விரலில் ஏற்றிய பொருள்கள். பொருள் என்ற அளவில் ஒவ்வொன்றும் சரி. உடற்கூறு என்று வாதாட வந்தால்தான் சிக்கல். மோதிர விரலில் நீர் இருக்கிறதா நிலம் இருக்கிறதா என்பதே மரபுக்கு மரபு மாறும்போது, அதை அழுத்தினால் இத்தனை நாளில் எடை குறையும் என்று எப்படிச் சொல்ல முடியும்? இருதயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் காஞ்சிக்கும் கியோட்டோவுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பெயர்களிலேயே ஒற்றுமை இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை கீழ்நோக்கினால் ஞான முத்திரை, மேல்நோக்கினால் சின் முத்திரை என்று பீகார் யோகப் பள்ளியின் நூல்கள் பிரிக்கின்றன. வேறு இடங்களில் மேல்நோக்கிய கையையே ஞான முத்திரை என்பார்கள்.

இதற்கு வரும் முதல் மறுப்பு எனக்குத் தெரிந்ததுதான். எல்லாம் ஏட்டில் எழுதப்படவில்லை, குருவிடமிருந்து சீடனுக்கு வாய்மொழியாக வந்தவை உண்டு, அழிந்த சுவடிகள் ஏராளம் என்பார்கள். உண்மை. சாமவேதம் ஓதுவோர் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுச் சுரம் குறிக்கும் முறை ஏட்டை நம்பி வந்ததல்ல. 1975இல் கேரளத்துப் பாஞ்ஞாளில் நடந்த அதிராத்திர வேள்வியின்போது அந்தக் கையசைவுகளும் ஆய்வாளர்களின் கவனத்துக்கு வந்தன. வாய்மொழி மரபு எவ்வளவு உறுதியானது என்பதற்கு அது சான்று. ஆனால் அப்படி வந்த மரபுக்கு ஒரு தடயம் இருக்கும்: ஓதுகிறவர்கள் இருப்பார்கள், ஊர் இருக்கும், பாடபேதம் இருக்கும், கற்பிக்கும் முறை இருக்கும். நோய்வாரியான முத்திரைப் பட்டியலுக்கு அந்தத் தடயம் இல்லை. நமக்குக் கிடைப்பவை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி நூல்கள்: இந்தியில் ஆசாரிய கேசவ தேவ் பரப்பிய முத்திரை விஞ்ஞானம், 1998இல் ஜெர்மன் மொழியில் கெர்ட்ரூட் ஹிர்ஷி எழுதி, பின்னர் உலகெங்கும் விற்ற நூல், அவற்றிலிருந்து கிளைத்த எண்ணற்ற கையேடுகள். சித்த மருத்துவத்தின் நாடியும் மருந்தும் பத்தியமும் நமக்கு ஏடு ஏடாகக் கிடைத்திருக்கின்றன. விரல் வைத்தியம் மட்டும் ஏட்டில் ஏறாமல் காணாமல் போயிற்று என்பது நம்பும்படி இல்லை.

இரண்டாவது மறுப்பு அனுபவத்திலிருந்து வருவது: செய்து பார்த்தேன், கை சூடாகிறது, விரல் நுனியில் துடிப்பு தெரிகிறது, மனம் அடங்குகிறது. இந்த அனுபவம் பொய்யில்லை. உடல் தளர்ந்து அமைதியாகும்போது கையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன, கை வெதுவெதுப்பாகிறது. முத்திரை எதுவும் இல்லாமல் வெறுமனே கையில் கவனம் வைத்தாலும் இது நேர்வதுண்டு. 1932இல் ஜெர்மன் மருத்துவர் ஷூல்ட்ஸ் வகுத்த தளர்வுப் பயிற்சி இந்த வெதுவெதுப்பையே ஒரு படியாக வைத்துக்கொண்டது. துடிப்பும் அப்படித்தான். விரலின் இருபுறமும் தமனி ஓடுகிறது. இரண்டு நுனிகளைச் சேர்த்துச் சும்மா இருந்தால் உங்கள் நாடி உங்களுக்கே தட்டுப்படும். சக்தி ஓட்டம் என்று பெயர் வைப்பவர்கள் வைக்கலாம், ஆனால் அங்கே ஓடுவது இரத்தம்.

மூன்றாவது மறுப்பு விஞ்ஞானத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. மூளையின் மேற்புறணியில் கைக்கும் விரலுக்கும் மிகப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஆகவே விரலைத் தொட்டால் மூளை தூண்டப்படும், மூளை தூண்டப்பட்டால் நோய் தீரும் என்று ஒரு சங்கிலி. முதல் கண்ணி உறுதியானது. மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு 1937இல் வெளியிட்ட ஆய்வு முதல் இது தெரிந்த செய்தி. இரண்டாவதும் சரி. மூன்றாவதுதான் காற்றில் தொங்குகிறது. பூக்கடையில் உட்கார்ந்து மல்லிகை தொடுக்கும் அம்மாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை சேர்ந்து பிரிகின்றன! மூளையின் அந்தப் பகுதி அவருக்கு நாள் முழுக்க வேலை செய்கிறது. அதனால் அவருக்குச் சர்க்கரை நோய் வராது என்று யாரும் சொல்லத் துணிவதில்லை. அசையாமல் நெடுநேரம் பிடித்தால்தான் பலன் என்று சொன்னால், பலன் விரலால் வந்ததா, அசையாமல் நெடுநேரம் உட்கார்ந்ததால் வந்ததா என்று பிரித்துக் காட்டும் கடமையும் சொன்னவருக்கு வந்துவிடுகிறது.

ஆய்வுகள் வந்திருக்கின்றனவே என்பார்கள். இங்கே கேட்க வேண்டிய கேள்வி எளியது. முத்திரை பிடித்த குழுவை எதோடு ஒப்பிட்டார்கள்? சும்மா வீட்டிலிருந்தவர்களோடு ஒப்பிட்டால், தினமும் கண்ணை மூடி மெதுவாக மூச்சு விட்ட பலன் அத்தனையும் முத்திரையின் கணக்கில் ஏறிவிடும். அதே நேரம், அதே மூச்சு, அதே ஆசிரியர், ஆனால் விரலை வேறு மாதிரி வைத்த இன்னொரு குழு வேண்டும். எந்த விரல் சரியானது என்று உட்கார்ந்தவர்களுக்கே தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. இப்படி ஏன் கறார் காட்ட வேண்டும் என்பதற்கு ஒரு பக்கத்துத் துறை உதாரணம் இருக்கிறது. 2010இல் அமெரிக்க உளவியலாளர்கள் டேனா கார்னி, ஏமி கடி, ஆண்டி யாப் மூவரும் 42 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நிமிர்ந்து, அகன்று, அதிகாரத் தோரணையில் சில நிமிடம் இருந்தாலே ஹார்மோன் அளவுகள் மாறுகின்றன என்றது அது. உலகமே அந்தத் தோரணையில் நின்று பார்த்தது. 2015இல் 200 பேரை வைத்து வேறொரு குழு அதைத் திரும்பச் செய்தபோது ஹார்மோன் மாற்றம் தென்படவில்லை. தமக்குத் தெம்பாக இருந்ததாகப் பங்கேற்றவர்கள் சொன்னது மட்டும் நின்றது. 2016இல் கார்னியே அந்த விளைவில் தமக்கு நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாக எழுதினார். உடல் நிலை மாறினால் உணர்வு மாறலாம். இரத்தத்தில் உள்ள பொருள் மாறிற்று என்பதற்கு வேறு தரத்தில் சான்று வேண்டும்.

இவ்வளவு கழித்தபின் முத்திரையில் மிஞ்சுவது என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நிறையவே மிஞ்சுகிறது. மனிதனின் ஒரு கை, தோளிலிருந்து விரல் வரை, உடல் எடையில் ஏறக்குறைய 5 விழுக்காடு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இரண்டு கையும் சேர்ந்து 6 கிலோ. அரை மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டுமென்றால் அந்த 6 கிலோவை எங்கே இறக்கி வைப்பது என்பது சின்ன விஷயமில்லை. சும்மா தொங்கவிட்டால் பிடரித் தசை இழுக்கும், தோள் முன்னால் சரியும், முதுகு வளையும். தொடையிலோ மடியிலோ தாங்கு கொடுத்துவிட்டால் தோள் விடுபடும். உள்ளங்கையை மேலே திருப்பி வைத்தால் புயம் சற்று வெளிப்பக்கம் சுழன்று மார்பு திறக்கும். சோளிங்கர் மலை மேல் யோக நரசிம்மர் கைகளை முழங்காலுக்கு நீட்டி அமர்ந்திருப்பதையும், சபரிமலை ஐயப்பனின் முழங்கால்களைச் சுற்றியிருக்கும் யோகப் பட்டையையும் இந்தக் கண்ணோடு பார்த்தால், உட்காரும் கலையை அந்த வடிவங்களை வகுத்தவர்கள் எவ்வளவு அறிந்திருந்தார்கள் என்பது விளங்கும். கழுகுமலையில் பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்கள் உள்ளங்கை மேல் உள்ளங்கை அடுக்கி மடியில் வைத்திருக்கிறார்கள். நின்ற நிலைத் தவமான காயோத்சர்க்கத்திலோ கைகள் விரலைச் சேர்க்காமல் நேரே கீழே தொங்குகின்றன. விரல் வட்டம் மூடாவிட்டால் சக்தி வெளியே கசிந்துவிடும் என்று இன்று சொல்பவர்கள், அந்த முனிவர்களிடம் எதைச் சொல்வார்கள்?

விரல் நுனியைச் சேர்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஜப்பானிய ஜென் குரு தோகென் 1227இல் எழுதிய தியானக் குறிப்பில், வலக்கை மேல் இடக்கையை வைத்து, இரண்டு கட்டைவிரல் நுனிகளும் லேசாகத் தொடட்டும் என்கிறார். ஜென் மடங்களில் அந்தக் கட்டைவிரல்களை ஆசிரியர் கவனிப்பார். தூக்கம் சொக்கும்போது தசை தளர்ந்து நுனிகள் பிரியும் அல்லது கீழே தொய்யும். மனம் முறுக்கேறும்போது நுனிகள் ஒன்றையொன்று தள்ளி மேலே கூம்பும். நம் சின் முத்திரையிலும் இதே வேலைதான் நடக்கிறது. முதுகுத் தோலில் இரண்டு ஊசி முனைகள் 4 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தாலும் ஒன்றாகத் தோன்றக்கூடும். விரல் நுனியோ 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியைக்கூட இரண்டு என்று பிரித்துச் சொல்லிவிடும். அவ்வளவு கூர்மையான இரண்டு பரப்புகள் மிக மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும்போது, கவனம் சிதறினால் முதலில் தெரிவது அங்கேதான். கண் மூடியவருக்குத் தம் விழிப்பின் நிலையைத் தாமே அறிந்துகொள்ள இதைவிட எளிய வழி கிடையாது. நாள்தோறும் ஒரே விதமாகக் கையை வைத்துப் பழகினால், அப்படி வைத்ததுமே உடல் அமைதிக்குத் தயாராகும் பழக்கமும் கூடிவரும். அந்தக் கையின் தத்துவம் தெரிந்த சைவருக்கோ பௌத்தருக்கோ, அத்தோடு அவர்கள் மரபின் சாரமும் மனத்தில் நிற்கும். எனக்கு இது போதுமானதாகவே படுகிறது.

கடைசி மறுப்பு மிக எளியது, மிக ஆபத்தானதும் அதுதான்: செலவில்லை, பக்கவிளைவில்லை, செய்தால் என்ன கெட்டுப்போகும்? மூட்டுவலிக்காரர் விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் அபான வாயு முத்திரை என்ற ஒன்றுக்கு மிருத சஞ்சீவினி என்று பெயர் சூட்டி, மாரடைப்பு வந்த கணத்தில் இதைப் பிடித்தால் உயிர் பிழைக்கலாம் என்று பரப்புகிறார்கள். அடைபட்ட இரத்தக் குழாய்க்கு அப்பால் இருதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. அடைப்பை நீக்கும் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு தசை மிஞ்சும். விரலைப் பார்த்துக்கொண்டு கழிக்கும் கால் மணி நேரத்துக்கு விலை உண்டு. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் முத்திரையை நம்பி மாத்திரையை விடுவதும் இதே வகைதான். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 முதல் அந்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் மாநிலத்தில், வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு விரலை மடக்கலாமா? இந்தியச் சட்டம் இதைப் பற்றி ஏற்கெனவே யோசித்திருக்கிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம், தாயத்து, மந்திரம், கவசம் போன்ற அற்புத சக்திகளால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அதன் அட்டவணையில் நீரிழிவும் இருதய நோயும் இரத்த அழுத்தமும் பெயர் சொல்லியே இருக்கின்றன. விரல் முத்திரை அந்தச் சட்டத்துக்குள் வருமா என்பதை வழக்கறிஞர்கள் வாதாடட்டும். சட்டம் எதற்காக இயற்றப்பட்டதோ அந்த நோக்கத்துக்குள் வந்துவிடுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

யோகம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர் இந்த அவையில் இருக்கலாம். உங்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். சின் முத்திரையைச் சொல்லிக்கொடுங்கள், எந்த மரபில் அதற்கு என்ன பொருள் என்றும் சொல்லுங்கள், நுனிகள் பிரிந்தால் தூக்கம் வருகிறது என்று கண்டுகொள்ளப் பழக்குங்கள். அத்தோடு உங்கள் மாணவர்களிடம் இன்னும் இரண்டைச் சொல்லிவையுங்கள்: நெஞ்சில் வலி எடுத்தால் உடனே 108ஐ அழைக்க வேண்டும், தினமும் சாப்பிடும் மாத்திரையைக் குறைப்பதோ நிறுத்துவதோ அதை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் கூடாது.